கமருன்னிசா நெஞ்சுவலியால் இறக்கவில்லை

செய்தி வந்தபோது என் வலது கை ஒரு பசுவுக்குள் தோள்வரை இருந்தது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டிய தொழுவம் அது. கன்று தலைமாறி, பின்னங்கால்களை மடக்கிக்கொண்டு வழியை அடைத்துக் கிடந்தது. மாட்டுக்காரர் ரெங்கசாமி என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் காதில் வைத்தார். எங்கள் அலுவலகக் கணக்கர் பேசினார்.

"சார், கமருன்னிசா மேடம் தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்."

"எங்க வச்சு?"

"ஸ்டோர் ரூம்ல சார்."

அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. ஸ்டோர் ரூம் என்ற சொல்லே போதுமாக இருந்தது. கன்றை எப்படியோ திருப்பி இழுத்துப் போட்டேன். உயிரோடுதான் வந்தது. ரெங்கசாமி கும்பிட்டபோது ஒரு நல்ல வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். இதை எழுதும் இந்த நிமிஷம்வரை அதுதான் இருக்கிறது.

டாக்டர் கமருன்னிசாவை உங்களில் பலருக்குத் தெரியும். மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் இடையில் மாடு வைத்திருக்கிற வீடுகளில் "டாக்டரம்மா" என்றால் அவர்தான். சேற்றில் இறங்கத் தோதாக முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் இறுக்கிக் கட்டிய துணி, ஸ்கூட்டரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய நைட்ரஜன் ஜாடி. நானும் அவரும் ஒரே கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு ஒரே தனியார் பால் நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. படித்த நாளிலிருந்து ஒருவரையொருவர் "ங்க" போட்டுத்தான் பேசிக்கொள்வோம். சண்டை போடும்போதும் அப்படித்தான்.

எங்கள் வேலையை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறோமே, அதற்கான விந்து மெல்லிய குச்சிகளில் அடைத்து வரும். அந்தக் குச்சிகள் திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கியிருக்கும்வரைதான் அதற்கு உயிர். நாம் மூச்சில் இழுக்கிற காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்தான். அதைக் கடுமையாகக் குளிரவைத்தால் தண்ணீர்போல ஆகிவிடும். அந்தத் தண்ணீர் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் கொதிக்கும். குளிரில் கொதிக்கும் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் விஷயம் அதுதான். ஜாடிக்குள் அது எந்நேரமும் மெல்லக் கொதித்து, கண்ணுக்குத் தெரியாமல் காற்றாகிக்கொண்டேதான் இருக்கும்.

இதைக் கமருன்னிசாவைப் போல எளிதாகச் சொன்னவர் யாரும் இல்லை. வலங்கைமான் பக்கம் ஒரு முகாமில் பெண்கள் ஜாடியைச் சுற்றி நின்றுகொண்டு, மூடியைத் திறந்ததும் வழிந்த வெள்ளைப் புகையைப் பார்த்து ஒதுங்கினார்கள். "இது சுடுமா டாக்டரம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீங்க உலை வைக்கிறீங்கள்ல?" என்றார் இவர். "கொதி வர்ற வரைக்கும் தண்ணி சூடேறும். கொதி வந்தப்புறம் எவ்வளவு விறகத் தள்ளினாலும் அதுக்கு மேல ஏறுமா? ஏறாது. தண்ணி ஆவியாப் போயிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். இதுவும் அந்த மாதிரி ஒரு உலைதான். இதுக்கு விறகு வேணாம். நம்ம ஊரு காத்தே இதுக்கு நெருப்பு."

"அப்ப இந்தப் புகை?"

"இது புகையே இல்ல. நம்ம காத்துல இருக்கிற ஈரம் குளிர்ல வெள்ளையாத் தெரியுது. மார்கழியில வாய்க்கால் மேல பனி நிக்குமே, அது மாதிரி. உள்ளேயிருந்து வர்ற வாயு கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. அதுக்குத்தான் பயப்படணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பெண்களும் சிரிக்கவில்லை.

அவருக்குக் கோபம் அதிகம் என்று நிறுவனத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்மை. ஆனால் அந்தக் கோபம் எதன்மேல் வந்தது என்பதை ஒருவரும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன். ஒரு விவசாயியின் பசுவுக்கு ஊசி மேல் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மாட்டில்தான் குறை, விற்றுவிடுங்கள் என்று எங்கள் ஆட்களே அவரிடம் சொல்லியிருந்தார்கள். அடிமாட்டு வியாபாரி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்த நாளில் கமருன்னிசாவும் நானும் அங்கே போனோம். அவர் பசுவைச் சோதித்தார். பிறகு அந்த ஊருக்கு வந்துபோகும் ஊழியரின் ஜாடியைத் திறந்து உள்ளே அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தார். திரவம் அடியில் சொட்டுத்தான் இருந்தது. விந்துக் குச்சிகள் வெறும் குளிர்காற்றில் நின்றுகொண்டிருந்தன.

"ஐயா, உங்க மாட்டுல ஒரு குறையும் இல்ல. எங்க ஜாடியிலதான் குறை," என்றார் விவசாயியிடம். வியாபாரியைத் திரும்பிப் பார்த்து, "நீங்க கிளம்புங்க," என்றார்.

திரும்பும் வழியில் நான் சொன்னேன், நிறுவனத்தின் பெயரை இப்படி வாசலில் வைத்துக் கெடுக்க வேண்டுமா என்று. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். "சண்முகம், திரவம் வத்தினா உள்ள இருக்கிறது செத்துடும். திரும்ப நைட்ரஜன் ஊத்தினா குச்சி உறையும், உயிர் வராது. இது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க வாய மூடிக்கிட்டா அது பொய்தான்."

இனி அந்த அறையைப் பற்றி.

எங்கள் மையத்தின் பின்புறம் பெரிய ஜாடிகளை வைக்கும் அந்த ஸ்டோர் ரூம் முன்பு சாதாரண அறையாகத்தான் இருந்தது. எதிரெதிராக இரண்டு ஜன்னல், மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி. சென்ற ஆண்டு புதிதாக வந்த மேலாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. கோடையில் நைட்ரஜன் அதிகம் ஆவியாகி வீணாகிறது, அறையைக் குளிரவைத்தால் மிச்சமாகும் என்றார். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். விசிறியைக் கழற்றி அந்த ஓட்டையையும் பூசினார்கள். ஏசி மாட்டினார்கள். குளிர் வெளியே போகக் கூடாது என்று கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டினார்கள்.

அன்று கூட்டத்தில் கமருன்னிசா எழுந்து நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறுல கொதிக்கிற சாமானுக்கு நம்ம சித்திரையும் ஒண்ணுதான், மார்கழியும் ஒண்ணுதான். ரெண்டுமே அடுப்பு. வெளிய நாப்பது டிகிரிய நீங்க இருபத்துநாலா ஆக்கினா அதுக்கு ஒரு விறகு குறையும். அவ்வளவுதான் மிச்சம்."

"கொஞ்சம் மிச்சமானாலும் மிச்சம்தானே மேடம்?"

"ஆவியாகிறது எங்க போகும்? ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய எழுநூறு லிட்டர் வாயுவா விரியும். ஏசி உள்ள இருக்கிற காத்தையேதான் திரும்பத் திரும்ப ஓட்டும், புதுக் காத்து கொண்டு வராது. ஒரு ஜாடி பழுதாச்சுன்னா அந்த ரூம்ல ஆக்ஸிஜன் இருக்காது. உள்ள போறவங்களுக்கு மூச்சுகூடத் திணறாது சார். அப்படியே விழுந்துடுவாங்க."

மேலாளர் சிரித்தார். "மேடம், நாம சுவாசிக்கிற காத்துல முக்கால்வாசி நைட்ரஜன். அது எப்படி ஆளக் கொல்லும்?"

அறையில் மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்தவர்கள் யார் யார் என்றும் நினைவிருக்கிறது. அவர்களில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் யாரும் இல்லை. எல்லோரும் பட்டதாரிகள்.

அவர் விடவில்லை. பார்க்கும் மேலதிகாரியிடமெல்லாம் சொன்னார். ஜன்னலைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆக்ஸிஜன் அளவு குறைந்தால் கத்துகிற ஒரு சின்னக் கருவியாவது வாங்கி மாட்டுங்கள் என்று கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் உள்ளே போக வேண்டும் என்று ஊழியர்களிடம் தானே சொல்லி வைத்தார். கதவு திறந்திருந்தால் ஏசி வீணாகிறது என்று மேலாளர் ஆளனுப்பி மூட வைத்தார். இறப்பதற்கு முந்தைய வாரம் என்னிடம் போனில் சொன்னார்: "பெரிய ஜாடி ஒண்ணு வேர்க்குதுங்க. வெளிப்பக்கமெல்லாம் பனி கட்டுது. சுவருக்கு நடுவுல இருக்கிற வெற்றிடம் போயிடுச்சு. மாத்தச் சொல்லியிருக்கேன்." ஜாடியின் இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றே இல்லாத இடைவெளி இருப்பதால்தான் வெளிச்சூடு உள்ளே போகாமல் இருக்கிறது. அது கெட்டால் உள்ளே மெல்லக் கொதிப்பது பொங்கிக் கொதிக்கும். ஜாடியை மாற்றவில்லை.

அன்று நடந்ததை மல்லிகா பிறகு என்னிடம் சொன்னார். மல்லிகா எங்கள் மையத்தில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. பக்கத்துக் கிராமத்தில் நடவு, களை என்று போய்க்கொண்டிருந்தவர், மாதச் சம்பளம் என்று இங்கே வந்தார். காலையில் தரை துடைக்க அறைக்குள் போயிருக்கிறார். "ஒண்ணுமே தெரியல சார். நெஞ்சு அடைக்கல, இருமல் வரல. காலு ரெண்டும் துவண்டுச்சு. மாப்பு கையிலேருந்து நழுவினது தெரியும். அப்புறம் முழிச்சுப் பாத்தா வெளிய தரையில கிடக்கிறேன்." இடையில் நடந்ததைக் காவலாளி பார்த்திருக்கிறார். திறந்த கதவு வழியாக மல்லிகாவின் கால் தெரிந்ததும் கமருன்னிசா மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார். அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்து நிலைப்படிவரை சேர்த்திருக்கிறார். மல்லிகா கனமான உடம்புக்காரர். வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள கமருன்னிசாவுக்கு நேரமில்லை. இழுத்த இழுப்பில் உள்ளேயே மூச்சு வாங்கியிருக்க வேண்டும். கடைசியாக மல்லிகாவை வெளியே உருட்டிவிட்டு அவர் உட்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். காவலாளி பயந்து ஆள் கூட்டப் போனார். ஆட்கள் வந்து தூக்கியபோது நேரம் கடந்துவிட்டது.

இதை உலகத்திலேயே நன்றாக அறிந்தவர் அவர். உள்ளே போனால் என்ன ஆகும் என்று தெரிந்தே போனார். அதை நினைத்தால் எனக்குப் பெருமை வருவதற்கு முன் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. அவர் போயிருக்கவே வேண்டியதில்லாத ஓர் அறை அது.

கூத்தாநல்லூரில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் எனக்கு முன்பே வந்திருந்தார். கமருன்னிசாவின் கணவர் சாதிக் பாய் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேடத்துக்கு டென்ஷன் ஜாஸ்தி பாய். எல்லாத்துக்கும் கோபப்படுவாங்க. அந்தப் பொண்ணு பசியில மயங்கி விழுந்ததப் பாத்து ஷாக் ஆயிட்டாங்க. ஹார்ட் தாங்கல." நிறுவனம் அழைத்துவந்த மருத்துவர் ஒருவர் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நான் கத்தினேன். மரண வீட்டில் கத்தக் கூடாது என்று எனக்கும் தெரியும். "பாய், இது ஹார்ட் அட்டாக் இல்ல. அந்த ரூம்தான் கொன்னுச்சு. போலீசுக்குப் போவோம்."

சாதிக் பாய் என்னைத் தனியாக அழைத்துப் போனார். அவர் கண்கள் சிவந்திருந்தன. "டாக்டர், நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும். ஆனா இப்ப வேணாம். இவங்கள முதல்ல மரியாதையா அனுப்பி வச்சிடுவோம். அறுத்துப் பாக்குறதெல்லாம் என் பிள்ளைங்க தாங்காது." அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அவரிடம் ஒரு பொய்யைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களைத்தான் சொல்வேன்.

அடுத்த வாரம் நிறுவனத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்ட படம், ஒலிபெருக்கி, காபி. சாதிக் பாயை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேலாளர் பேசினார். கடமை, அர்ப்பணிப்பு, இதயம் தாங்கவில்லை. நான் எழுந்து பேசலாம் என்று நினைத்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், நான் அன்னிக்குப் பழையது சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

மல்லிகா நின்றுகொண்டிருந்தார். மேற்பார்வையாளர் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார். மல்லிகா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"பசியில மயங்கினேன்னு சொல்லு, இல்லாட்டி வேலை இருக்காதுன்னு இவருதான் சொன்னாரு. எனக்குப் பசியுமில்ல, விரதமுமில்ல. அந்த ரூம்புக்குள்ள போனேன், விழுந்தேன். அவங்க வந்து என்னை இழுத்துப் போட்டாங்க, அவங்க விழுந்தாங்க. ஒரே ரூம்புல ஒரே நேரத்துல ஒருத்திக்குப் பசி மயக்கம், இன்னொருத்தருக்கு ஹார்ட் அட்டாக், அதெப்படி சார் வரும்? நான் உசுரோட நிக்கிறேன். அவங்களக் கோபக்காரின்னு சொல்லாதீங்க."

ஒலிபெருக்கியை அணைத்தார்கள். அது தேவைப்படவில்லை. மல்லிகாவின் குரல் வயலில் வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுப் பழகிய குரல். சாதிக் பாய் எழுந்து அவர் அருகில் போனார். "நீ சொன்னதப் போலீஸ்ல சொல்லுவியாம்மா?" என்றார். "சொல்றேன் பாய்," என்றார் மல்லிகா. அங்கிருந்தே நாங்கள் மூவரும் கிளம்பினோம்.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மேலாளர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: "நைட்ரஜன் காத்துலயே இருக்குதே டாக்டர்?" என் காரில் சிறிய ஜாடி இருந்தது. நிலையத்து வாசலில், திறந்த வெளியில், ஓர் எவர்சில்வர் வாளிக்குள் கொஞ்சம் ஊற்றினேன். சீறிக்கொண்டு கொதித்து அடங்கியது. வெள்ளையெல்லாம் கலையும்வரை காத்திருந்தோம். வாளி காலியாகத்தான் தெரிந்தது. ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் செருகிக் கொளுத்தி உள்ளே இறக்கினேன். பாதிவழியில் சுடர் அணைந்தது. சத்தமில்லை, வாசனை இல்லை. ஆய்வாளர் கம்பியை என் கையிலிருந்து வாங்கித் தானே பற்ற வைத்து இறக்கிப் பார்த்தார். மறுபடியும் அணைந்தது. "இதுக்குள்ள மனுசன் தலைய விட்டா?" என்றார். சாதிக் பாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

நைட்ரஜன் உடம்பில் தடயம் வைக்காது. கப்ரைத் தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. அதனால் அந்த அறையும் மல்லிகாவும் காவலாளியும்தான் சாட்சி. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிந்தார்கள். பதிந்த மறுநாளே நிறுவனம் சுவரை இடித்து ஜன்னல்களைத் திரும்ப வைத்துவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது வராத கொத்தனார், அவர் இறந்தபின் விடியுமுன் வந்துவிட்டார். இடிப்பதற்கு முன்பே ஆய்வாளர் படம் எடுத்துவிட்டிருந்தார், நல்லவேளை. மல்லிகாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் மறுபடி நடவுக்குப் போகிறார். என்னைத் தொலைவான ஓர் ஊருக்கு மாற்றினார்கள், நான் வேலையை விட்டேன். மேலாளர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். தீர்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கமருன்னிசாவின் நினைவாக நான் என்ன வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று சாதிக் பாய் ஒருநாள் கேட்டார். ஜாடி, பூட்ஸ் ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்றுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். பொருளாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான் இயல்பில் சத்தம் போடாதவன். கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்பவன்.

போன மாதம் திருப்பனந்தாள் பக்கம் ஒரு தனியார் பண்ணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜாடி வைத்திருந்த அறையில் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அதைப் பெயர்க்காமல் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார் பண்ணைக்காரர். இப்போதே என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மாடுகள் திரும்பிப் பார்த்தன.

"எதுக்கு சார் இவ்வளவு கோபம்?" என்றார் அவர்.

"இது என்னோடது இல்லங்க," என்றேன். "கூத்தாநல்லூர்ல கமருன்னிசான்னு ஒரு டாக்டர் இருந்தாங்க. அவங்களோடது. கடப்பாரை எங்க இருக்கு?"